மூக்கு போட்ட சட்டம்

1840கள் வரை லண்டனில் மலத்துக்கு மார்க்கெட் இருந்தது. வீட்டுக்கு வீடு ஒரு குழி. ராத்திரியில் வண்டியோடு ஆட்கள் வந்து அள்ளிப்போய், ஊருக்கு வெளியே விவசாயிகளிடம் உரமாக விற்பார்கள். நாற்றம் உண்டு, ஆனால் வரவு செலவு ஒத்துப்போனது. அந்த நேரம் பார்த்து பெரு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் கடற்பறவை எச்சம் வந்திறங்கியது. விவசாயிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். உலகையே கட்டியாண்ட தலைநகரம், உர வியாபாரத்தில் ஒரு பறவையிடம் தோற்றது. அள்ள ஆளில்லை, குழிகள் நிரம்பித் தரைப்பலகை இடுக்கில் எட்டிப்பார்த்தன. இந்த லட்சணத்தில் வசதியுள்ளவர்கள் ஃபிளஷ் டாய்லெட் வேறு வாங்கி வைக்க, குழி இன்னும் சீக்கிரம் நிரம்பியது.

இதைச் சீர்திருத்த எட்வின் சாட்விக் வந்தார். 1834இல் ஏழைகளுக்கான சட்டத்தைச் சீர்திருத்துகிறேன் என்று அவர்களை 'ஒர்க்ஹவுஸ்' என்ற கொட்டடிக்குள் தள்ளிய மகானுபாவர்களில் ஒருவர். நாற்றம்தான் நோய் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே நாற்றத்தை வீட்டைவிட்டுத் துரத்தினால் போதும். 1815 வரை வீட்டுக் கழிவைச் சாக்கடையில் விடுவதே குற்றம். அது மழைநீர் போகும் வழி. 1848க்குப் பிறகு எல்லாம் தலைகீழ்: குழியை மூடு, சாக்கடையில் இணை. சாக்கடை எங்கே போகிறது? தேம்ஸுக்கு. லண்டன் எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது? அதே தேம்ஸிலிருந்து. சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்றைக்குக் கருத்தரங்கு நடத்துகிறார்களே, சாட்விக் அதை அன்றே செய்து காட்டிவிட்டார். 1848-49 காலராவில் லண்டனில் சுமார் 14,000 பேர் செத்தார்கள்.

தண்ணீர் விற்றவை தனியார் கம்பெனிகள். 1852இல் ஒரு சட்டம்: 1855க்குள் எல்லோரும் ஆற்றின் மேற்பகுதிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். லாம்பெத் கம்பெனி முன்கூட்டியே போய்விட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனிக்கு அவசரமில்லை, கெடு இருக்கிறதே! பேட்டர்ஸீயிலேயே அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பெனிக் குழாய்களும் ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குப் போயின.

1854இல் மறுபடி காலரா. டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாகப் போய், "உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர்?" என்று விசாரித்தார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பணம் கட்டுபவர் வீட்டுக்காரர் அல்லவா! மனுஷன் சளைக்கவில்லை. ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து வந்து சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். பேட்டர்ஸீ போல, கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் எடுத்த தண்ணீரில் உப்பு அதிகம். குப்பென்று வெள்ளையாகத் திரளும். கணக்கு வந்தது: 10,000 வீடுகளுக்கு லாம்பெத் பக்கம் 37 சாவு, மற்றதில் 315. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? பெரிய மனிதர்கள் நம்பவில்லை. நோய் காற்றில்தான் வருகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

1855இல் நகரத்துக்கென்று ஒரு பொதுப்பணி வாரியம் அமைத்தார்கள். அதன் தலைமை இன்ஜினீயர் ஜோசப் பஸல்ஜெட் சாக்கடைத் திட்டம் போட்டார், அரசு திருப்பி அனுப்பியது. மாற்றிப் போட்டார், மறுபடி திரும்பியது. பெரிய தொகை செலவழிக்கும் அதிகாரத்தை வாரியத்துக்குத் தராமலே வாரியம் அமைப்பது ஒரு தனிக் கலை. செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினால் பார்லிமென்ட்டின் ஒப்புதல் வேண்டும்.

அந்தப் பார்லிமென்ட்டோ ஆற்றங்கரையில் புத்தம் புதுக் கட்டடத்தில் இருந்தது. 1858 ஜூன் வெயிலில் தேம்ஸ் கொதித்தது. திரைச்சீலைகளை குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டும் பலனில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டு, இன்னொரு கையால் மூக்கில் கைக்குட்டை என்று கமிட்டி அறையிலிருந்து குனிந்தபடி ஓடினார். அவரே ஜூலை 15இல் மசோதா கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2இல் அது சட்டம். 30 லட்சம் பவுண்ட் கடன் வாங்க அனுமதி, திட்டத்தில் அரசு தலையிடத் தடை. இரண்டு காலராவிலும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்களால் முடியாதது, பதினெட்டே நாளில் முடிந்தது. நாற்றம்தான் நோய் என்ற தப்பான சித்தாந்தம் சரியான சாக்கடையைக் கட்டிக்கொடுத்தது. சரியாகச் சொன்ன ஸ்நோ, அந்த நாற்றத்தின் நடுவே ஜூன் 16இல் காலமானார்.

பஸல்ஜெட் கட்டியது அசல் வேலை, 31.8 கோடி செங்கல், இன்றும் நிற்கிறது. 1866இல் அந்தச் சாக்கடை இன்னும் முடியாத கிழக்கு லண்டனில் மட்டும்தான் காலரா பெரிதாகப் பரவியது. 5,500க்கு மேல் செத்தார்கள். வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை என்று அங்கிருந்த தண்ணீர்க் கம்பெனியின் இன்ஜினீயர் பத்திரிகைக்கு எழுதினார். வாடிக்கையாளர்கள் குழாயில் வந்த விலாங்கு மீனைக் காட்டினார்கள். விலாங்கு மறுப்பு எழுதவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை: கழிவு எங்கே போகிறது? கிழக்கே பெக்டனிலும் கிராஸ்னஸிலும் அப்படியே ஆற்றில் விட்டார்கள், எம்.பி.க்களின் மூக்கு அவ்வளவு தூரம் நீளாது. 1878இல் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசக் கப்பல் மோதி மூழ்கியது அந்தப் பக்கம்தான்; அறுநூறுக்கும் மேற்பட்டோர் அந்தக் கழிவுநீரில் போனார்கள். பிறகு கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அது நின்றது 1998இல்.

1989இல் தண்ணீரை மறுபடி தனியாரிடம் கொடுத்தார்கள், கூடவே சாக்கடையையும். இதற்கும் பெயர் சீர்திருத்தம்தான். 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டர் கம்பெனிக்கு ஒழுங்குமுறை ஆணையம் 12.27 கோடி பவுண்ட் அபராதம் போட்டது. பெரும்பகுதி, கழிவுநீரை ஒழுங்காகக் கையாளாததற்கு. மீதி, அந்த நிலையிலும் டிவிடெண்ட் கொடுத்ததற்கு.