போர்வைக்கும் பெண் பார்க்கும் படலம்



அமெரிக்காவில் குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை: மேலே துண்டுத் துணிகள் சேர்த்த முகப்பு, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. குளிருக்காகப் பிறந்த இந்தப் பொருளைக் கவுன்ட்டி ஃபேர் எனப்படும் வட்டாரக் கண்காட்சிகளின் போட்டியில் யாரும் போர்த்திப் பார்ப்பதில்லை. கதகதப்புக்கு மதிப்பெண்ணே கிடையாது.

தைத்தவர் பெயரை மறைத்துவிடுவார்கள். கையுறை மாட்டிய உதவியாளர்கள் விரித்துப் பிடிக்க, நடுவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார். முதலில் பாராட்டு, அப்புறம்தான் குறை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த மரியாதை தெரிவதில்லை.

அதிகம் மாட்டிக்கொள்வது ஓரப்பட்டிதான். நடுவர் அதை விரலால் நெருடிக்கொண்டே போவார். விளிம்புவரை பஞ்சு நிரம்பியிருக்க வேண்டும், காலியாகத் தட்டுப்பட்டால் குறிப்பில் ஏறிவிடும். மூலை செங்கோணமாக நிற்க வேண்டும். முகப்பில் துண்டுத் துணியால் அமைத்த நட்சத்திரத்தின் முனை தையலுக்குள் போய் மழுங்கக் கூடாது. நூல் முடிச்சு, அழியாத பென்சில் கோடு, பூனை முடி, சிகரெட் வாடை எதுவும் தப்பாது. சில இடங்களில் மதிப்பெண் போடுவார்கள். சில இடங்களில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதற்குச் சிவப்பு. எல்லை தாண்டிக் கனடா போனால் சிவப்புதான் முதல். நீலத்தைக் காட்டி அங்கே பெருமையடிக்க முடியாது.

1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் நடத்திய போட்டிக்கு 24,000க்கும் மேற்பட்ட குவில்ட்டுகள் குவிந்தன. முதல் பரிசு 1,000 டாலர். கண்காட்சியின் கருப்பொருளான முன்னேற்றத்தைக் காட்டித் தைத்தது வென்றால் கூடுதலாக 200. அதை நம்பி வானளாவிய கட்டடங்களைத் துணியில் எழுப்பியவர்கள் ஏமாந்தார்கள். நடுவர்களுக்குப் பிடித்தது பழைய பாணி நட்சத்திரமும் நுணுக்கத் தையலும்தான். வென்றவர் கென்டக்கியின் மார்கரெட் கேடன். ஊசி பிடித்ததோ கூலிக்கு அமர்த்திய வேறு பெண்கள். பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு வரவில்லை. பெயரை மறைத்துத் தீர்ப்புச் சொல்லும் முறையில் இந்த மோசடி மட்டும் பிடிபடாது.

இன்றைய படிவங்களில் முகப்பைச் சேர்த்தவர் யார், மூன்றடுக்கையும் இணைத்துத் தைத்தவர் யார் என்று தனித்தனியே கேட்பதுண்டு. லாங் ஆர்ம் எனப்படும் பெரிய குவில்ட் தையல் மெஷின் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து அடுக்குகளைத் தைத்து வாங்குவது அமெரிக்காவில் சகஜம். பெரிய கண்காட்சிகளில் இருவர் சேர்ந்து செய்ததற்குத் தனிப் பிரிவே உண்டு. ரிப்பனை வீட்டில் யார் மாட்டுவது என்பது அவர்கள் பாடு.