இருபத்தைந்து சென்ட் சொந்தக்காரர்

திருச்சி உறையூரில் 2018-ஆம் வருடம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒருவர், தூங்கிக்கொண்டிருந்த மனைவியை உலுக்கி எழுப்பி, "இருபத்தஞ்சு சென்ட் வந்திருக்கு!" என்றார்.

அம்மையார் கண்ணைத் திறக்கவில்லை. "எந்தப் பக்கம்? ரோட்டு மேலயா, உள்ள தள்ளியா?" என்று கேட்டார்.

கேட்டதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் சென்ட் என்றால் நிலம். நூறு சென்ட் ஒரு ஏக்கர். இருபத்தைந்து சென்ட் கையில் இருந்தால் தாராளமாக நாலு மனை போடலாம், மீதியில் தென்னை வைக்கலாம். வந்திருந்ததோ அமெரிக்க சென்ட். இணையத்தில் படம் விற்கும் ஒரு கம்பெனியில் அவருடைய படம் ஒன்று முதன்முதலாக விற்றிருந்தது. அன்றைய மதிப்பில் பதினேழு ரூபாய்ச் சொச்சம். விடிவதற்குள் சேதி பெரியப்பா வீடுவரை போய், "யாருக்கும் சொல்லாம கிரயம் முடிச்சுட்டானாமே?" என்று போன் வந்துவிட்டது.

அந்தச் சென்ட் சொந்தக்காரரும் இந்தக் கட்டுரையை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். வரவேண்டிய பாக்கியைப் பற்றி 'நான், எனக்கு' என்று எழுதினால் கைமாற்று கேட்பதுபோல் இருக்கும் என்பதால் இங்கே அவர் 'நம்மவர்'.

நம்மவரைக் கெடுத்தது ஒரு பச்சை மேடு. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் திறந்தால் நீல வானமும் புல்மேடுமாக ஒரு படம் வருமே, அதுதான். 1996-ல் சார்லஸ் ஓரியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் காதலியைப் பார்க்கக் காரில் போகும் வழியில், வண்டியை ஓரங்கட்டி எடுத்தது. ஏஜென்சியில் கிடந்த அந்தப் படத்தை 2000-ல் மைக்ரோசாப்ட் விலைபேசியது. அதன் மதிப்புக்கு இன்சூரன்ஸ் போட எந்தக் கூரியரும் முன்வராததால், கம்பெனியே விமான டிக்கெட் கொடுத்து, படச்சுருளோடு அவரையே வரவழைத்ததாகக் கதை. விலையை அவர் இன்றுவரை வெளியே சொன்னதில்லை, ஒப்பந்தம் அப்படி. இதைப் படித்த நாளிலிருந்து நம்மவர் பைக்கில் போகும்போது புல் தெரிந்த இடத்திலெல்லாம் நிறுத்த ஆரம்பித்தார். கொள்ளிடக் கரையில் ஒருமுறை எருமை துரத்தியது. காதலியைப் பார்க்கப் போகும் வழியில் எடுக்கவில்லை என்பதுதான் குறை என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை.

அவர் கவனிக்காமல் விட்டது இடையில் நடந்த ஒரு சமாசாரத்தை. முன்பெல்லாம் விளம்பரத்துக்கோ பத்திரிகைக்கோ ஒரு படம் வாங்க நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கவேண்டியிருந்தது. 2000-ல் கனடாவின் கால்கரி நகரத்து புரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்போட்டோ என்ற தளத்தைத் தொடங்கினார். முதலில் ஒருவர் படத்தை இன்னொருவர் சும்மா எடுத்துக்கொள்கிற பண்டமாற்று. கொஞ்ச நாளில் சில்லறைக்கு விற்பனை. 2003-ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் தானே எடுத்த 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் திறந்து, மாதச் சந்தா கட்டினால் வாரிக்கொள்ளலாம் என்றார். 2006-ல் கெட்டி இமேஜஸ், ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஜவுளிக்கடையாக இருந்த தொழில் பத்தே வருடத்தில் எடைபோட்டுத் துணி விற்கும் கடையானது. நம்மவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது அந்தக் கடையின் ஆடித் தள்ளுபடிக்கு.

அவருடைய முதல் படம் காவிரிப் பாலத்தில் விடிகாலை நாலரைக்கு நின்று எடுத்த மலைக்கோட்டை. மூன்று நாள் மேகம் கெடுத்தது, நாலாம் நாள் கிடைத்தது. ஏற்றிய ஐந்தாம் நாள் மறுப்பு வந்தது. காரணம்: 'நாய்ஸ்'. இருட்டில் எடுக்கும் படங்களில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் பிசிறுக்குத் தொழில் பாஷையில் அந்தப் பெயர். வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி, "நான்தான் சொன்னேனே, பாலத்துல பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான்னு" என்றார். நம்மவருக்கு அந்த விளக்கம் கம்பெனி விளக்கத்தைவிட நியாயமாகப் பட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிராண்டு முத்திரை தெரிந்தாலும் விளம்பரத்துக்கு விற்க முடியாது. பாரிஸ் ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் விற்கலாம். ராத்திரி எடுத்தால் வில்லங்கம், ஏனென்றால் மேலே எரிகிற விளக்கு அலங்காரத்துக்குத் தனியாகக் காப்புரிமை. மனித முகம் தெரிந்தால் அந்த மனிதர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

காந்தி மார்க்கெட்டில் வெற்றிலை விற்கும் ஆயா ஒருத்தரின் முகம் அவரை விடவில்லை. படம் எடுத்தார். ஆயாவும் சிரித்து, ஒரு கவுளி வெற்றிலையை அவர் தலையில் கட்டினார். அதன்பிறகு நம்மவர் ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்.

"என்ன தம்பி இது, பத்திரமா?"

"இல்ல ஆயா, போட்டோவுக்குத்தான். இங்க ஒரு கையெழுத்து. பக்கத்துல சாட்சிக் கையெழுத்து."

"சாட்சி வேற வேணுமா?" ஆயாவின் சிரிப்பு நின்றது. "இப்பிடித்தான் போட்டோ எடுக்கணும்னு கூட்டிட்டுப் போயி ஒரு தாள்ல கைநாட்டு வாங்குனான் எந்தம்பி. இருந்த வீடு போச்சு."

உலகத்தின் மிக அழகான அந்த முகம் இன்னும் நம்மவரின் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது.

சரி, வீட்டு ஆட்களை வைத்து எடுப்போம் என்று மச்சினனைப் பிடித்தார். தலையில் கைவைத்து, கடன் தொல்லையில் இருப்பவன்போல் உட்காரவேண்டும். நடிப்புக்கு அவசியமே ஏற்படவில்லை. படம் ஏறும் வேளையில் மச்சினன் எங்கேயோ ஆண்ட்ராஷ் ஆராடோவின் கதையைப் படித்துவிட்டான். அவர் ஹங்கேரிக்காரர், மின்பொறியாளர். ஆசைக்கு மாடலாக நின்று சிரித்து வைத்த படங்கள், 'வலியை மறைக்கும் ஹரால்டு' என்று உலகம் முழுக்க கேலிச்சித்திரமாகிவிட்டன. ஒரு ஆஸ்பத்திரித் தளத்தில் அவரை டாக்டராகவே ஆக்கிவிட்டார்கள். "அவருக்காச்சும் டாக்டர் வேஷம், மாமா. என் மூஞ்சிய மூல வியாதிக்குப் போட்டுட்டான்னா? பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க" என்று மச்சினன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இப்படி எல்லா வாசலும் அடைபட்டுத்தான் நம்மவர் சமையலறைக்கு வந்து சேர்ந்தார். பெரம்பலூர் சின்ன வெங்காயம் கால் கிலோ, வெள்ளை சார்ட் அட்டை ஒன்று, ட்யூப்லைட் வெளிச்சம். எடுத்து முடிக்கப் பத்து நிமிடம். வெங்காயம் அன்றைக்கே சாம்பாருக்குப் போய்விட்டது. அந்தப் படம்தான் விற்றது.

மலைக்கோட்டை விற்காமல் வெங்காயம் விற்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. வாங்குகிறவர் படத்தைத் தேடி வருவதில்லை. தன் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு மூலையை நிரப்பத்தான் வருகிறார். வெள்ளைப் பின்னணியில் இருந்தால் வெட்டி ஒட்டச் சுலபம். வருகிறவர் கண்ணில் படுவதற்குக் குறிச்சொற்கள் எழுதவேண்டும். ஒரு படத்துக்கு ஐம்பதுவரை, ஆங்கிலத்தில். சின்ன வெங்காயம் அங்கே 'ஷாலட்'. பெரம்பலூர் என்று யாரும் தேடமாட்டார்களாதலால் 'ஏசியா'. வாசலில் அம்மா போட்ட பதினைந்து புள்ளிக் கோலம் 'மண்டலா, மெடிடேஷன், யோகா' ஆனது. அம்மாவிடம் சொன்னபோது, "கோலத்துல என்னடா யோகாசனம்? குனிஞ்சு இடுப்பு போனதுதான் மிச்சம்" என்றார்.

வாங்கியவர் பெயர் தெரியாது. உலக வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் மினுங்கும். வெங்காயத்துக்கு முதல் புள்ளி நார்வே பக்கம். சாம்பாரே வைக்காத ஊரில் அதை என்ன செய்திருப்பார்கள் என்று நம்மவர் இரண்டு நாள் யோசித்தார்.

இனி பணத்துக்கு வருவோம். அதுவும் இப்படித்தான், வருவோம் வருவோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

எல்லாக் கம்பெனியிலும் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு கோடு உண்டு. நம்மவருடைய கம்பெனியில் அது நூறு டாலர். படத்துக்கு இருபத்தைந்து சென்ட் என்றால் நானூறு முறை விற்கவேண்டும். அதுவரை காசு அவர்கள் பெட்டியில் தூங்கும். உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய முப்பது டாலரும் அறுபது டாலரும் இப்படி வட்டியில்லாமல் படுத்துக் கிடக்கின்றன. சீட்டுக் கம்பெனிக்காரனாவது தீபாவளிக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பான்.

இன்னொரு ஏஜென்சியில் வேறு வகை. அங்கே விற்றவுடன் கணக்கில் தொகை தெரியும், ஆனால் மங்கலான எழுத்தில். வாங்கிய பத்திரிகைக்காரர் பணம் கட்டினால்தான் எழுத்து கறுக்கும். அவர் எப்போது கட்டுவார்? அவர் விளம்பரக்காரர் அவருக்குக் கட்டும்போது. நம்மவரின் ஒன்பது டாலர் ஐந்து மாதம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

இந்த லட்சணத்தில் 2020 ஜூனில் தொழிலையே கலக்கிய ஒரு மாற்றம் வந்தது. ஷட்டர்ஸ்டாக், ஒருவர் ஆயுசில் சம்பாதித்ததைப் பார்த்து அவர் பங்கைக் கூட்டும் பழைய முறையைக் கைவிட்டு, அந்தந்த வருட விற்பனையை வைத்து 15 முதல் 40 சதவீதம்வரை ஆறு படிகள் வைத்தது. படம் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். முக்கியமான விதி: ஜனவரி 1 பிறந்தால் எல்லோரும் மறுபடி முதல் படி. பத்து வருடமாகப் படம் விற்றுப் பழுத்தவரும் புத்தாண்டன்று எல்.கே.ஜி.யில் போய் உட்காரவேண்டும். பலர் கோபத்தில் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு அந்தக் கம்பெனியும் கெட்டியும் ஒன்றாக இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. சம்பந்திகள் சேர்ந்த பிறகு சமையற்காரர் கூலி ஏறியதாக நம்மவர் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

2021 பிப்ரவரியில் நம்மவர் கணக்கில் நூறு டாலர் பன்னிரண்டு சென்ட் காட்டியது. ரவா கேசரி கிண்டப்பட்டது. மறுநாள் பார்த்தால் 99.87. யாரோ ஒரு புண்ணியவான் கார்டில் வாங்கிய பணம் திரும்பிவிட்டதாம். அதில் நம்மவர் பங்கைக் கழித்துக்கொண்டார்கள். கேசரியைத் திரும்ப வாங்க வழியில்லை. இன்னொரு வெங்காயம் விற்று நூறைத் தாண்ட ஒன்பது நாளானது.

அடுத்த மாதம் நடுவில் வரும் என்றார்கள். வரவில்லை. மின்னஞ்சல் எழுதினார். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரு டிக்கெட் எண்ணோடு பதில் வந்தது. இந்த டிக்கெட்டுக்குப் பஸ்ஸும் கிடையாது, இறங்கும் இடமும் கிடையாது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதான் விஷயம் துலங்கியது: பெயர் பொருந்தவில்லை.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது அந்தப் படிவத்தைச் செய்தவர்களுக்குத் தெரியாது. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகரவில்லை என்பதால் நம்மவர் அதில் அப்பா பெயரைப் போட்டிருந்தார். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. வங்கியில் இனிஷியல் மட்டும். கம்பெனி அனுப்பிய பணம் இரண்டுக்கும் நடுவே முட்டி நின்று, வந்த வழியே திரும்பிவிட்டது. கம்பெனிக் கடிதங்களெல்லாம் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் விளிக்கும். காலமாகிப் பதினோரு வருடமான அப்பாவுக்கு, "உங்கள் படைப்புத்திறன் எங்களைப் பிரமிக்க வைக்கிறது" என்று மாதாமாதம் பாராட்டு வருகிறது. உயிரோடு இருந்தபோது அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பதால் அம்மா மட்டும் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார்.

பெயரைச் சரிசெய்து முடிப்பதற்குள் அமெரிக்க வரிப் படிவம் வந்தது. அதை நிரப்பினால் அமெரிக்காவில் விற்ற படங்களுக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் 30. இருபத்தைந்து சென்ட்டில் பதினைந்து சதவீதம் மூன்றே முக்கால் சென்ட். உறையூர்க்காரர் ஒருவர் அந்த வல்லரசைத் தாங்கிப் பிடிக்கிறார் என்று அன்று கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

கடைசிப் படி, வங்கி.

"வெளிநாட்டுப் பணம் வந்திருக்கே சார், எதுக்கு வந்தது?"

"வெங்காயம் வித்த பணம் மேடம்."

"ஏற்றுமதியா? லைசென்ஸ் இருக்கா?"

"வெங்காயம் போகல மேடம். அதைச் சாம்பார்ல போட்டுட்டோம். படம் மட்டும்தான் போச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார். படத்தை இருவருக்கும் போனில் காட்டவேண்டியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு. கிலோ என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்றார் மேனேஜர்.

பிப்ரவரியில் சேர்ந்த பணம் ஜூலையில் கணக்கில் விழுந்தது. வரி, இடைத்தரகுக் கம்பெனியின் கட்டணம், டாலர் மாற்றுச் சேதாரம் எல்லாம் போக 6,700 ரூபாய் சொச்சம். மூன்று வருட வருமானம். நடுவில் வாங்கிய விளக்கும் ட்ரைபாடும் எவ்வளவு என்று மனைவி கேட்டார். நம்மவருக்கு அப்போது பார்த்து மொட்டைமாடியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

இருந்தாலும் அமெரிக்காவின் கரோல் ஹைஸ்மித் பட்ட பாட்டுக்கு இது தேவலை. அந்த அம்மையார் தாம் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஊருக்குப் பொதுவாக அங்குள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். பிறகு ஒருநாள், தன் சொந்தப் படத்தைத் தன் தளத்தில் போட்டதற்காக 120 டாலர் கட்டச் சொல்லி அவருக்கே நோட்டீஸ் வந்தது. அந்தப் படங்களை விற்றுவந்த கெட்டி மீது 2016-ல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். முக்கியக் கோரிக்கைகளை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

போன மாதம் தில்லைநகரில் புதிதாகத் திறந்த ஒரு பிரியாணிக் கடை வாசலில் நம்மவர் பைக்கை நிறுத்தினார். பத்தடி ஃப்ளெக்ஸில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் அவருடைய சின்ன வெங்காயம். ஒன்று இரட்டைப் பல்லாக ஒட்டியிருக்கும், தோலில் ட்யூப்லைட் கோடு விழுந்திருக்கும், பெற்றவருக்குத் தெரியாதா? கம்பெனியின் பெயர் முத்திரை வெங்காயத்தின் மேல் சாய்வாக லேசாகத் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்த முத்திரை இருக்காது.

கல்லாவில் இருந்தவர், "வாங்கண்ணே, உள்ள ஏசி இருக்கு" என்றார். சண்டை போடலாமா என்று நம்மவர் ஒரு நிமிடம் யோசித்தார். வாசனை தூக்கியது. போய் உட்கார்ந்தார். ஒரு சிக்கன் பிரியாணி, பிறகு ருசி தாங்காமல் வெங்காயப் பச்சடி இன்னொரு கிண்ணம்.

"ரெண்டாவது பச்சடி தனி பில்லுண்ணே. இருபது ரூபா."

நம்மவர் போனை நீட்டி ஸ்கேன் செய்தார். மூன்று விநாடி ஆகியிருக்காது, கல்லா மேலிருந்த பெட்டி கடை முழுக்கக் கேட்கும்படி கத்தியது: "இருபது ரூபாய் பெறப்பட்டது."