இராவணன் வெட்டு

எங்கள் ஊரான திருகோணமலையில் தாய்க்காக வெட்டுப் போட்டவன் ஒருவன்தான். கோணேசர் மலையின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் பாறை கடல் வரைக்கும் பிளந்து கிடக்கும். இராவணன் வெட்டு. தாய் நோயாளி, கோயிலுக்கு வர ஏலாது, ஆனபடியால் மலையையே பெயர்த்துக்கொண்டுபோய் அவள் காலடியில் வைக்கலாம் என்று வாளை ஓங்கினானாம். பத்துத் தலை இருந்தும் பாவம், மலையை விட்டுவிட்டுத் தாயை வெட்டலாம் என்ற யோசனை ஒரு தலையிலும் உதிக்கவில்லை. அதற்கு நாகரிகம் வளரவேண்டியிருந்தது.

2022 ஜூலை. உப்புவெளியில் நான் நாற்பத்தோராவது கிழமை வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். முதல் பிள்ளை சீசர். கடற்கரையில் வெள்ளைக்காரர் ஒருவருமில்லை, விடுதிகள் ஈயாடின. சீசன் செத்துப்போன ஊரில் பேசுவதற்கு என் சீசர் ஒன்றுதான் மிச்சம். அந்த மாதம் நாட்டில் திகதி தாண்டிக் கிடந்தது நான் மட்டுமில்லை என்பது ஆறுதல். ஜனாதிபதியும் கிடந்தார். 9ஆம் திகதி சனம் மாளிகைக்குள் புகுந்து தள்ளியும் உடனே வரவில்லை. 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதமாகத்தான் பிறந்தார்.

வீதியால் போகிற எல்லோருக்கும் என் வயிறு பொதுச்சொத்து. "என்ன பிள்ளை, இன்னும் இறங்கேல்லையா?" என்பார் மரக்கறிக்காரர். "டேற் முடிஞ்சுதாமே?" என்பார் முன்வீட்டு ரியூசன் மாஸ்ரர், பால்மாப் பைக்கற்றைப் புரட்டிப் பார்த்தவர்போல.

அந்த டேற் எப்படி வந்தது என்று மாஸ்ரருக்குத் தெரியாது, எனக்கும் பிறகுதான் தெரிந்தது. ஹைடல்பேர்க்கில் இருந்த நேகெலே என்ற ஜெர்மன் வைத்தியரின் பெயரால் இருநூறு வருஷமாக ஒரு கணக்கு ஓடுகிறது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளோடு ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதத்தைக் கழி, அடுத்த வருஷத்தில் அந்தத் திகதி. மொத்தம் 280 நாள். உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் 28 நாளுக்கொருமுறை கோயில்மணி அடித்தாற்போல் வரும் என்பது அந்தக் கணக்கின் பக்தி. எனக்கு 35 நாள். முதல் வருகையிலேயே சொன்னேன். எழுதியவருக்கு அட்டையில் அதற்குக் கட்டம் அகப்படவில்லை. குறித்த திகதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். எங்கள் கிழவிகளும் பத்து மாதம் என்றார்கள். 28 நாள் மாதமாகப் பெருக்கிப் பாருங்கள், ஜெர்மன்காரரின் அதே 280. கிழவிகள் அதற்குத் திகதி போட்டு முத்திரை குத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பிள்ளைக் கதையைச் சொல்லவேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், சுவரில் வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும், வரவேற்பில் ஏசி உறைக்கும், அந்த அடையாளம் போதும். நோ தொடங்கி ஆறு மணித்தியாலம் ஆகவில்லை, "முன்னேறேல்லை" என்றார்கள். முன்னேறாதது நானா, அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் காத்திருந்த வைத்தியரின் அடுத்த கேஸா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஒரு தாளை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் சேர்த்தார்கள். அரசியலமைப்பு பிரசவ அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வர மறந்துபோனது போலும். கையெழுத்துப் போட்டேன். வயிற்றை வெட்டவா, வீட்டை ஈடு வைக்கவா என்று அப்போது விளங்கவில்லை. பில் வந்தபிறகுதான் இரண்டுக்கும் என்று விளங்கியது.

வெளியே வரும்போது கையில் ஒரு அட்டை தந்தார்கள். அதில் நாலு ஆங்கில எழுத்து: எல்.எஸ்.சி.எஸ். மூன்று வருஷம் அதைக் குற்றப்பத்திரிகைபோல அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அந்த முதலெழுத்துக்குக் 'கீழ்' என்று பொருளாம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டியது. என் அடுத்த பிரசவத்தின் வழக்கு முழுவதும் அந்த ஒற்றை எழுத்துக்குள் கிடந்திருக்கிறது. தோலில் தெரிகிற தழும்பு உள்ளே போட்ட வெட்டைக் காட்டாது. உள்ளே மேலிருந்து நெடுக்காகப் பிளந்திருந்தால் அடுத்ததை இயல்பாகப் பெறுகிற பேச்சே ஆபத்து. கீழே குறுக்காக வெட்டியிருந்தால், முயன்று பார்க்கிற நூறு பேரில் எழுபதுக்கு மேல் பெற்றுவிடுகிறார்கள். பழைய தழும்பு கிழிவது இருநூறில் ஒன்றளவு. கிழிந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் மோசம், அதனால் தியேட்டர் பக்கத்தில் இருக்கவேண்டும். இவ்வளவுதான் விஷயம். சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பில்லில் தனி வரி கிடையாது, ஆகவே சொல்லவில்லை.

"ஒருக்கா வெட்டினால் பிறகு எப்பவும் வெட்டுத்தான் மச்சாள்" என்றாள் என் மச்சாள். அவளுக்கு அவளுடைய டொக்டர் சொன்னது. அவருக்குச் சொன்னவரைத் தேடிக்கொண்டு போனால் 1916இல் நியூயோர்க்கில் எட்வின் கிராகின் என்ற வைத்தியர் நிற்கிறார். அந்தக் காலத்தில் கருப்பையை நெடுக்காகத்தான் பிளந்தார்கள். கீழே குறுக்காக வெட்டும் முறையை கிளாஸ்கோவின் மன்றோ கெர் நிலைநாட்டியதே 1920களில். இதைவிட வேடிக்கை, கிராகின் அதை எழுதியது வெட்டுங்கள் என்று ஏவுவதற்கல்ல. முதல் வெட்டை நூறு தரம் யோசித்துப் போடுங்கள், பிறகு அது விடாது என்று சக வைத்தியர்களைக் கண்டிக்க. விலக்குகள் உண்டு, என் நோயாளி ஒருத்தி சீசருக்குப் பிறகு மூன்று பிள்ளைகளை இயல்பாகவே பெற்றாள் என்றும் அதே கட்டுரையில் சொல்லிவைத்தார். மனிதர் வேலி போட்டார். பின்னால் வந்தவர்கள் வேலிக்கம்பைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள்.

மாமா அதற்குள் சாத்திரியிடம் போய் ஒரு துண்டு எழுதிவந்துவிட்டார். வியாழன் காலை 9.12. "எப்பிடியும் வெட்டத்தானே போகினம், நல்ல நேரத்தில வெட்டட்டுமேன்." கடைத்திறப்பு விழாவில் நாடா வெட்டுகிற கணக்கு. தமிழ்நாட்டில் இது தொழிலாகவே வளர்ந்துவிட்டது என்கிறார்கள்; 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அங்கே தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 64 சீசர். சனத்தொகை அளவில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் உயிர்கள் கூடுதலாகத் தப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. மிச்சம் ஐம்பத்துநாலில் குருபார்வைக்கு எத்தனை, டொக்டரின் சனி ஞாயிறுக்கு எத்தனை என்று எவரும் பிரித்தெழுதவில்லை.

நேரம் பார்த்துப் பெறுவது நம்மவர்க்குப் புதிதல்ல. கோச்செங்கட் சோழனின் தாய் கமலவதிக்கு நோ வந்தபோது, ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்றார்களாம் சோதிடர்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொன்னாள் அந்த மகராசி. தூக்கினார்கள். பிள்ளை சிவந்த கண்ணோடு பிறந்து அரசனாகி எழுபது கோயில் கட்டினான், நாயன்மாரானான். தாய் பெற்ற கையோடு செத்தாள். பிள்ளை பிறந்த கதை பெரியபுராணம் சொல்வது. அந்த எழுபதில் ஒரு கோயிலாவது தாய்க்கு என்று நான் கேட்டதில்லை. இருபத்துநாலு நிமிஷம் தாமதித்ததற்கு விலை ஒரு பெண். சோதிடருக்குத் தட்சணை தனி.

மாமி எதிர்க்கட்சி. "நாங்கள் ஆறையும் வீட்டில பெத்தனாங்கள். வெட்டிப் பெத்தா பெத்ததோ? நோவு தெரியாதவளுக்குப் பிள்ளையில பாசம் எங்கால வரும்?" ஆறில் ரெண்டு தங்கவில்லை என்பது அவர் கணக்கில் சேராது. ஆமணக்கெண்ணெய்ப் போத்தலோடு என் பின்னாலேயே திரிந்தார். இந்தக் கட்சிக்கும் இப்போது செல்போனில் கிளை திறந்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு கணவர் யூடியூபைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார். இரத்தம் நிற்காமல் மனைவி இறந்தாள். வீடியோ போட்டவர்களின் கையில் இரத்தம் ஒட்டாது. அது திரைக்கு அந்தப் பக்கம்.

ஆக ஒரு கட்சிக்கு நான் வெட்டவேண்டிய நாடா, மறுகட்சிக்கு நான் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை. தவறினால் தாயென்ற பட்டம் இல்லை. இரண்டு கட்சியும் என் விறாந்தையிலேயே கூட்டம் போட்டன, நான் தேத்தண்ணி ஊற்றினேன். ஊற்றியவளிடம் உனக்கு என்ன எண்ணம் என்று ஒரு வாய் கேட்டதா? சீனி காணாது என்றுதான் கேட்டார்கள். அந்த நாட்களில் சீனி என்ன விலை விற்றது!

கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டொக்டர்ப் பிள்ளை அட்டையை வாங்கினாள். வாசித்தாள். வாசிப்பதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்கு அதிசயம். "அக்கா, உங்களுக்கு மாதம் எத்தனை நாளுக்கொருக்கா?" என்றாள். 35 என்றேன். "அப்ப நீங்கள் உண்மையில இப்பதான் நாற்பது." பிறகு ஒரு தாளில் கவிழ்த்த பேரிக்காய்போல ஒன்று கீறி, அடியில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். நோ வரவைக்கிற மாத்திரையும் ஜெல்லும் இந்தத் தழும்புக்கு ஆகாது, கிழிகிற ஆபத்தைக் கூட்டும். வேண்டுமென்றால் பலூன் வைத்துப் பார்க்கலாம். காத்திருக்கலாம், ஆனால் காத்திருப்பதும் இலவசமில்லை, நாற்பத்தொன்றைத் தாண்டத் தாண்ட பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விடுகிற பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வெட்டவும் செய்யலாம், அதற்கும் விலை உண்டு, ஒவ்வொரு வெட்டோடும் அடுத்த பிள்ளையின் நச்சுக்கொடி தழும்பில் வேர்விட்டுப் பிடிக்கிற ஆபத்துக் கூடும். சொல்லிவிட்டுப் பேனையை வைத்தாள். "நீங்கள் சொல்லுங்கோ."

அழுதுவிட்டேன். மாமி பயந்துபோனார், ஏதோ கெட்ட சேதி என்று.

காத்திருக்கிறேன் என்றேன். அடுத்த வருகைக்கு முதல் நாள் இரவு நோ தானாக வந்தது. பெற்றோல் வரவில்லை. சீனக்குடாப் பற்றைக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. அந்த வருஷம் ஜனவரியில்தான் அவற்றை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்டு ஒப்பந்தம் எழுதின. 14 ஒருவருக்கு, 24 ஒருவருக்கு, 61 கூட்டாக. தொண்ணூற்றொன்பது குதத்துக்கு அருகில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு போத்தல் இல்லை. மே மாதம் பிரதமர் பதவியை விட்ட மகிந்தவைக் குடும்பத்தோடு ஹெலிகொப்டரில் ஏற்றிவந்து எங்கள் கடற்படைத் தளத்தில்தான் இறக்கினார்கள். அதற்கு எரிபொருள் இருந்தது. அவர் சத்தம்போட்டு நோ எடுத்ததாகவும் தகவல் இல்லை.

பின்வளவு ஓட்டோக்கார அண்ணன் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்துவந்தார். இரண்டு நாள் கியூவில் நின்று வாங்கியதில் எனக்கென்று ஒளித்துவைத்த பெற்றோல். "டவுண் வரைக்கும் காணும் பிள்ளை. திரும்ப வர நான் தள்ளிக்கொண்டு வருவன்."

பதினாலு மணித்தியாலம் முயன்றேன். பதினைந்தாவதில் பிள்ளையின் இதயத்துடிப்பு விழத் தொடங்கியது. அந்த டொக்டர்ப் பிள்ளை வந்து இரண்டு வசனத்தில் சொன்னாள், தமிழில். தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டேன், இம்முறை எதற்கென்று தெரிந்து. நான் மற்ற முப்பதுக்குள் விழுந்தவள். எனக்கு அதில் வெட்கமும் இல்லை, வீரமும் இல்லை.

மறுநாள் வார்ட்டுக்கு இரண்டு கட்சியும் பழத்தோடு வந்து வெற்றியை அறிவித்தன. "நான் அப்பவே சொன்னன், வெட்டாமல் சரிவராதெண்டு" என்றார் மாமா. பிள்ளை பிறந்தது அசல் இராகுகாலம் என்பதை மட்டும் கைவிரலில் எண்ணி எண்ணி மனம் கசந்தார். "ஆமணக்கெண்ணெய் குடிச்சிருந்தால் நேத்தே பெத்திருப்பாள், நானும் அப்பவே சொன்னன்" என்றார் மாமி. ரியூசன் மாஸ்ரர் போனில் விசாரித்தாராம்: நோர்மலா, சீசரா? பரீட்சைப் பெறுபேறு கேட்கிற அதே குரல்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஓட்டோக்கார அண்ணன் வாசலில் நின்றார். நோர்மலா, சீசரா, ஆணா, பெண்ணா, என்ன நட்சத்திரம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "உனக்கு எப்பிடி பிள்ளை, எழும்பி நடக்க ஏலுதா?" என்றார்.

பிறகு போத்தலைக் கேட்டார்.