யானைக்கவுனியில மாட்டின வெரலு

இன்னா நைனா, காலங்காத்தால கைய மடக்கினு யாருக்குக் குத்து வுடப் போற? ஓ, நீ மடக்கலயா, அதுவா மடங்கிக்கினு தொறக்க மாட்டேங்குதா! மோதிர வெரல இன்னொரு கையால இழுத்தா 'டக்'குனு துள்ளி நிமிருது. சோக்காத்தான் கீது. சர்க்கஸ்ல காட்டினா காசு பாக்கலாம்.

வைத்தியத்துக்கு மட்டும் நீ கொற வெக்கல. கால் மொதல்ல வந்து பொறந்த பையனத் தேடிப் புடிச்சு கைமேல மிதி வாங்கின. சுளுக்கு எடுக்கறவரு எண்ணெ போட்டு உருவினாரு, வீக்கம் ஏறிச்சு. அப்பால புத்தூர் கட்டு. எலும்பு ஒடஞ்சவனுக்கு நைனா அது! ஒனக்கு ஒடஞ்சது நூறு ரூவா நோட்டு மட்டுந்தான்.

கேட்டுக்க. வெரல மடக்குற தசைநாண் ஒண்ணு முன்னங்கையிலேர்ந்து ஓடியாருது. உள்ளங்கையில, வெரலுக்கு அடியில, அதுக்கு ஒரு வளையம் கீது. நாள் பூரா கத்திரிக்கோலப் புடிச்சு ஜவுளி வெட்டறியா, வளையம் தடிச்சுப் போவுது, நாண்ல முடிச்சு மாரி ஒரு வீக்கம். இந்தக் கவுனியில அந்தக் காலத்து யானைக்கு ஒடம்பு பெருத்து, வாசல் சிறுத்திருந்தா எப்டி? உள்ள போயிடும், திரும்பி வர்றப்ப மாட்டிக்கும். முட்டி மோதி வெளிய வர்ற சத்தந்தான் ஒன்னோட 'டக்கு'. டாக்டருங்க டிரிக்கர் ஃபிங்கர்ம்பாங்க. 1850-லயே நோட்டான்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு எழுதி வெச்சிட்டாரு. ஓட்டு மிஷின்ல கடைசி பட்டன் இல்ல, ஆளு பேரே அதான்.

இப்ப எனக்கு ஒரு கும்புடு போடு. மருவாதிக்கு இல்ல, அத ஒங்கிட்ட எதிர்பாத்து நான் ஏமாறத் தயாரில்ல. உள்ளங்கையும் வெரலும் ஒட்டுதா? நடுவுல சந்து வுழுது பாரு! பல வருசம் சுகர் இருந்தா கைத்தோலும் மூட்டும் இறுகி, கும்புடு கூட முழுசா வராது. வெரல் மாட்டறதும் சுகர்காரனுக்குத்தான் ஜாஸ்தி. சாதா ஜனத்துல நூத்துக்கு ரெண்டு மூணு பேருன்னா, சுகர்காரங்கள்ல பத்து பேரு. மிண்ட் தெரு ஜிலேபிக்கடைய ஒன் வெரலு காட்டிக் குடுத்துடுச்சு, நைனா.

ரெண்டு கையிலயும் நெறைய மூட்டு வீங்கி, காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல வெறைப்பு வுடலன்னா அது வேற சமாச்சாரம், மூட்டுவாதம். ராத்திரில கை மரத்து எழுப்பி வுட்டா, அது மணிக்கட்டு நரம்பு நசுங்கறது. எல்லாத்துக்கும் ஒரே தைலத்தத் தேய்ச்சா தைலக்காரனுக்குத்தான் சொகம்.

எங்க போறதா? ராயபுரத்துப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிய வெச்சுக்கினு கேக்குற கேள்வியா இது! எண்ணூரு, திருவொத்தியூரு மிஷின்ல கை சிக்கினவங்கள்லாம் வர்ற எடம். 1971-ல டாக்டர் வெங்கடசாமி கைக்குன்னே அங்க தனியா ஒரு பிரிவ ஆரம்பிச்சாரு. வெரல் நுனி நசுங்கினா முக்கோணமாத் தோல நகத்தி மூட 1980-ல அவரு எழுதின முறைக்கு ஒலகத்துல அவரு பேரே நிக்குது. நீ புத்தூருக்கு பஸ் ஏறின.

மொதல்ல கத்திரிக்கோலுக்கு லீவு குடுப்பாங்க, ராத்திரில வெரலு மடங்காம ஒரு பட்டை. வுடலன்னா வளையத்தாண்ட ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு மேல அதுலயே கேக்கும். ஊசிக்கப்பறம் சில நாளு சுகர் எகிறும், அதனால இருக்குதுன்னு மறைக்காம சொல்லு. அதுலயும் வுடலன்னா மரத்துப் போற ஊசி போட்டு, சின்னக் கீறல்ல வளையத்த அறுத்து வுடுவாங்க. அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம், வெரல ஆட்டிக்கினே இருக்கணும்.

நாளைக்கு வெறும் வயித்துல போ, ரத்தம் எடுப்பாங்க. திரும்பி வர்றப்ப மிண்ட் தெருல ஜிலேபி ரெண்டு வாங்கியா, எனக்கு. என் கும்புடு ஒட்டுதான்னு நீ கேக்கக் கூடாது.