திருத்தாமை என்னும் பெருந்தவம்

ஓடுகிற சர்வரைத் தொடாதே என்ற ஒற்றை மந்திரத்தை உருவேற்றி, குளிரூட்டிய அறைகளில் மோனத்தவம் இயற்றும் பெருமக்களே! புதிய பேட்ச் வந்திருக்கிறது என்று இளைய பொறியாளன் பதறி ஓடிவந்தால், "குவார்ட்டர் முடியட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்று அபயக்கரம் காட்டி அனுப்பும் கருணைக் கடல்களே! கண்டம் கண்டமாகப் பரவியிருக்கும் உங்கள் திருக்கூட்டத்தின் அருமை பெருமைகளைச் சொல்லாமல் இனியும் வாய்மூடி இருப்பது நன்றி கொன்ற செயலாகும்.

முதலில், நீங்கள் கட்டிக்காத்த மன்னரின் சிறப்பு. எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பு என்னும் அப்பெருமான், 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரின் கைவண்ணத்தில் உதித்தவர். ஒரு கணினியில் உள்ள கோப்பை, மற்றொரு கணினியில் அமர்ந்திருப்பவர் தம்முடையதைப் போலவே திறந்து படிக்கவும் திருத்தவும் வழிசெய்வது அவர் திருப்பணி. அலுவலகத்தில் ஷேர்டு ஃபோல்டர் என்று நாம் அன்றாடம் புழங்குவது அவர் அளித்த வரமே. ஒரு மாடியில் நாலு கணினிகள், எல்லாரும் அறிந்த முகங்கள், கதவுக்குத் தாழ் எதற்கு என்ற காலத்தில் பிறந்தவர். உலகத்துக் கயவர் அத்தனை பேரும் அதே கம்பியில் வந்து சேர்ந்த பின்னும் அந்த வெள்ளை உள்ளத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 2006-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. மறையாக்கம் அறிந்த மூன்றாம் பதிப்பு 2012-ல் வந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இவருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று அறிவித்தது. 2016-ல் அந்த நிறுவனத்தில் இந்தத் துறையைக் கவனித்துவந்த நெட் பைல், தயவுசெய்து இவரை நிறுத்துங்கள் என்று ஊரறியவே மன்றாடினார். வளர்த்தவர்களே கைகழுவிய நிலையிலும் நீங்கள் அவரை அரியணையிலிருந்து இறங்க விட்டீர்களா? விசுவாசம் என்றால் அதுவல்லவோ விசுவாசம்!

மன்னரின் திருமேனிக்குள் பொதிந்திருந்த மாணிக்கம் ஒன்றை நினைக்க நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது. ஓ.எஸ்./2 என்று ஓர் இயங்குதளம் இருந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியோடு ஐ.பி.எம். அதற்குரிய ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. மறைந்த அந்த மூதாதை அனுப்பக்கூடிய கோப்புப் பண்புகளின் பட்டியலை விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றித்தரும் சிறு நிரல் ஒன்று மட்டும் எஸ்.எம்.பி. சர்வரின் உள்ளே, இயங்குதளத்தின் கருவறையிலேயே, விளக்கேற்றிக் காத்திருந்தது. பட்டியலின் நீளம் 32 பிட் எண். அதைத் திருத்தி எழுதும் இடத்தில் நிரல் 16 பிட்டை மட்டுமே எழுதும். ஆகவே சிறிய இடத்தை ஒதுக்கிவிட்டு அதில் பெரிய சரக்கைக் கொட்டும். வழிந்த சரக்கு பக்கத்து நினைவகத்தில் போய் விழும். எங்கே எதை விழச்செய்ய வேண்டும் என்று அறிந்தவனுக்கு, கடவுச்சொல் கேட்காமல், பெயர் கேட்காமல், முழுக் கணினியும் தாரைவார்க்கப்படும். வந்தாரை வாழவைப்பது என்பதை இதைவிடச் சிறப்பாக எந்த மென்பொருளும் நிறைவேற்றியதில்லை.

பொறுமைக்கும் ஒரு மரபு உண்டு. எஸ்.எம்.பி. வழியே ஒருவர் அனுப்பும் அடையாளச் சான்றை இடைமறித்து, அதை வைத்தே அவர் கணினிக்குள் நுழையும் ரிலே தாக்குதலுக்கான கருவி 2001-லேயே வெளியானது. அதற்கான திருத்தம் 2008 நவம்பரில் வந்தது. இடைப்பட்ட ஏழாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த விளக்கம், முன்பே திருத்தியிருந்தால் நெட்வொர்க்கை நம்பிய மென்பொருள்கள் பாதிக்கப்பட்டிருக்கும் என்பது. உழைக்கும் மென்பொருளின் உறக்கத்தைக் கலைக்காமல், திருடனின் தொழிலையும் கெடுக்காமல் இரு தரப்பையும் ஏழாண்டு பேணிய அந்தச் சமநோக்கை என்னென்பது!

மாணிக்கத்தை முதலில் கண்டெடுத்த அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் அடக்கமும் போற்றத்தக்கது. கண்டதைச் செய்தவரிடம் சொல்லித் தொல்லை கொடுக்காமல், எடர்னல்புளூ என்று பெயர் சூட்டி, ஐந்தாண்டுக்கும் மேலாகத் தானே வைத்துப் புழங்கியது என்று 'வாஷிங்டன் போஸ்ட்' எழுதியது. களவுபோன பிறகே விஷயம் வெளிப்பட்டது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கூட்டம் அந்தக் கருவியை ஊருக்கெல்லாம் இலவசமாக வழங்கியது. மே 12 அன்று, அதே கருவியைக் கொண்டு பரவி, கோப்புகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்கும் வான்னாகிரை என்ற புழு கிளம்பியது. பேட்ச் வந்ததற்கும் புழு வந்ததற்கும் நடுவே 59 நாள்கள். 59 நாள்கள் கையில் இருந்தும், ஒரு ரீபூட் கூடச் செய்யாமல் புலனடக்கம் காத்தீர்களே, உங்களுக்கு நிகர் யார்!

இந்தத் தவம் முழுமை பெற்ற திருத்தலம் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையைத் தலபுராணமாகவே ஓதலாம். 236 மருத்துவ அறக்கட்டளைகளில் 88-க்கு நேரில் சென்று சைபர் பாதுகாப்பைச் சோதித்தார்கள், ஒன்றுகூடத் தேறவில்லை. இத்தனை ஒற்றுமையை வேறு எந்தத் தேர்விலும் காண முடியாது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் பேட்ச் போடுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையை யார் மதித்தார்கள் என்று பார்த்தறிய அரசின் சுகாதாரத் துறையிடம் முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. சந்தேகப்படுவது பண்பாகாது என்று கருதியிருப்பார்கள். பழைய எக்ஸ்பி கணினிகள்தாம் விழுந்தன என்று யாரேனும் உங்கள் புகழைக் குறைக்க முயன்றால் நம்பாதீர்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அவற்றுக்கான பேட்ச் தயாராக இருந்தது, விலையும் இல்லை. ஆகவே அந்த வெற்றி முழுக்க முழுக்க மனித முயற்சியால் ஈட்டியது.

பலன் என்ன? குறைந்தது 81 அறக்கட்டளைகள் பாதிக்கப்பட்டன. 595 குடும்ப மருத்துவர் நிலையங்களின் கணினிகளில் புழு புகுந்தது. ரத்தான சிகிச்சை முன்பதிவுகள் என்று பெயர் குறித்து எண்ணப்பட்டவை மட்டும் 6,912. மொத்தம் 19,000-ஐத் தாண்டும் என்பது மதிப்பீடு. புற்றுநோயாக இருக்கலாம் என்று அவசரமாக அனுப்பப்பட்ட நோயாளிகளில் குறைந்தது 139 பேருக்கு அந்தச் சந்திப்பு ரத்தானது. மார்பில் கட்டி என்றோ மலத்தில் ரத்தம் என்றோ கேள்விப்பட்டு, இரவெல்லாம் விழித்துக் கிடந்து, விடிந்ததும் புறப்பட்டுவந்தவரிடம், இன்று வேண்டாம், கணினி திறக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பை ஒரு வரவேற்பாளருக்கு ஈட்டித்தந்தது உங்கள் தவம்தான். ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் கூடுதலாகச் சில மைல்கள் உலா வரும் இன்பத்தை நெஞ்சுவலிக்காரருக்கு யார் தருவார்கள், உங்களைத் தவிர! எந்தப் படையும் இன்றி, எந்த வெடியும் இன்றி, ஒரு ரீபூட்டைத் தவிர்த்த ஒரே செயலால் இத்தனையும் கைகூடியது.

வான்னாகிரை விடுத்த அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் மனம் தளராதவர்கள் இருந்தார்கள். அடுத்த மாதம், ஜூன் 27 அன்று, அதே ஓட்டையோடு திருடிய கடவுச்சொற்களையும் துணைக்கொண்டு நாட்பெட்யா என்ற அடுத்த புழு வந்தது. மர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவ நேர்ந்தது. நட்டம் 25 முதல் 30 கோடி டாலர். மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் முடங்கியது.

இங்கே ஒரு கூட்டத்தாரின் குணக்கேட்டைச் சொல்லித்தான் தீர வேண்டும். லினக்ஸ் சர்வர்களிலும் இதே கோப்புப் பகிர்வை நடத்தித்தரும் சாம்பா என்ற மென்பொருளைப் பேணுகிறவர்கள் அவர்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிவைத்த பணி. 2010-ல் வெளியான 3.5 பதிப்பிலிருந்து அவர்களிடமும் ஓர் ஓட்டை இருந்தது. எழுதும் உரிமையுள்ள ஃபோல்டரில் ஒரு நிரலை ஏற்றிவிட்டு, அதன் பாதையை, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பைப் ஒன்றின் பெயராகக் கொடுத்தால், சர்வரே அதை எடுத்து ஓட்டிவிடும். உங்கள் மரபைப் பின்பற்ற அவர்களுக்கு அருமையான வாய்ப்பு. ஆனால் என்ன செய்தார்கள்? 2017 மே 24 அன்று குறையை மறைக்காமல் வெளியே சொல்லி, அன்றைக்கே திருத்தத்தையும் கொடுத்தார்கள். பெயருக்குள் சாய்கோடு இருந்தால் மறுத்துவிடு என்ற ஒரு சிறு நிபந்தனைதான் திருத்தத்தின் சாரம். உடனே பேட்ச் போட முடியாதவர்களுக்காக, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் தற்காத்துக்கொள்ளும் வழியையும் எழுதிவைத்தார்கள். சம்பளமில்லாமலே பலர் செய்யும் இந்த வேலையில் இத்தனை அவசரமும் இத்தனை வெளிப்படையும் உங்கள் சபைக்குப் பொருந்தாதவை.

நல்லவேளையாக, அந்தச் சாம்பாவைத் தம் சேமிப்புப் பெட்டிகளிலும் ரவுட்டர்களிலும் வைத்து விற்ற தயாரிப்பாளர்களில் பலர் மரபைக் காப்பாற்றினார்கள். விற்ற பெட்டிக்குப் பின்னாளில் பேட்ச் அனுப்புவது வாங்கியவரை நச்சரிப்பது ஆகாதா? திருத்தம் வெளியான சில நாள்களிலேயே, அதே ஓட்டை வழியாகப் பிறர் சர்வர்களில் ரகசிய நாணயம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள் திருடர்கள். வீட்டுக் கல்யாணப் படங்களும் கடைக் கணக்குகளும் அடங்கிய பெட்டிகள் இப்படி உலகப் பொருளாதாரத்துக்கும் தொண்டாற்றின.

உங்கள் அன்றாட லீலைகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2017 இறுதியில் விண்டோஸ் 10, 2019-ல் சாம்பா 4.11 என்று ஒவ்வொன்றாக முதலாம் பதிப்பை அணைத்தே கொடுக்கத் தொடங்கின. மறுநாள் மேல்மாடியில் பழைய ஸ்கேனர் கோப்பை அனுப்ப மறுத்தது. அதற்கு முதலாம் பதிப்பைத் தவிர வேறு பேச்சு தெரியாது. புது ஸ்கேனருக்கு ஒப்புதல் கேட்டால் செலவு என்று சொல்வார்கள். நீங்கள் கலங்கவில்லை. சம்பளப் பட்டியலும் ஒப்பந்தங்களும் இருக்கும் அதே சர்வரில், ஒரே ஒரு டிக் போட்டு மன்னரை மீண்டும் அமர்த்தினீர்கள். 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினீர்கள். ஒரு ஸ்கேனரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு நிறுவனத்தையே ஈடுவைத்த வள்ளன்மை உங்களுடையது.

மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிடுகிறது. அறிவிப்பு மடலும் தவறாமல் வருகிறது. அது உங்கள் தவத்தைக் கலைக்காதிருக்க, வந்த உடனே தனி ஃபோல்டருக்குள் போய் ஒதுங்குமாறு விதி எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஃபோல்டரையும் எல்லாரும் திறக்கும்படி ஷேர் செய்து வைத்திருப்பது உங்கள் பெருந்தன்மை. இதுவரை யாரும் திறந்ததில்லை.