ஊர் சின்னது, தொண்டை பெரிசு

(கொலராடோ மலையிலுள்ள சென்ட்ரல் சிட்டி ஆபரா பற்றி வந்த கேள்விகள் இந்த வாரம்.)

கே: டென்வரில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ட்ரல் சிட்டி ஆபராவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். பெரிய கம்பெனியா?

ப: 550 இருக்கை. நியூயார்க் மெட்ரோபாலிடனில் சுமார் 3,800. அங்கே பாடகி அழுவதை பைனாகுலரில் பார்க்கலாம். இங்கே மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கும். மகன் சமர்த்து.

கே: சுரங்க ஊரில் ஆபரா எப்படி முளைத்தது?

ப: 1859-ல் தங்கம் கிடைத்தது. 1874-ல் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. 1878-ல் கல்லிலேயே ஆபரா மாளிகை எழுப்பினார்கள், சுவர் கனம் நாலடி. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் பாட்டுப் பைத்தியங்கள். மரத்தை நம்பாமல் கல்லை நம்பினார்கள். மண்வெட்டியைவிடத் தொண்டையை நம்பினார்கள்.

கே: அன்றிலிருந்து தொடர்ந்து நடக்கிறதா?

ப: எங்கே! தங்கம் தீர்ந்தது, சனம் கிளம்பியது, கட்டடம் தூங்கியது. 1932-ல், அமெரிக்காவே வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, லிலியன் கிஷ் நடித்த ‘கமீல்’ நாடகத்தோடு மறுபடி திறந்தார்கள். சட்டைப் பை காலியான வருஷத்தில்தான் மனிதனுக்குக் கலை ஞாபகம் வருகிறது.

கே: மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்குமா?

ப: கேட்கும். வாத்தியக் கோஷ்டியைத் தாண்டிக் குரலை அனுப்புவதுதான் அவர்கள் சாதகமே. குறிப்பாக ஆண் குரல்கள் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மை ஏற்றிக்கொள்ளும். வாத்தியங்களுக்கு அந்த இடத்தில் பலம் குறைவு. ஆனால் ஊர் 8,500 அடி உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால்பங்குக்கு மேல் கம்மி. உங்களுக்கு மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கும். கதாநாயகி செத்துக்கொண்டே உச்ச ஸ்தாயியில் பாடுவாள்.

கே: பாஷை புரியாதே?

ப: மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடவிடும் வழக்கம் 1983-ல் டொரான்டோவில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவிவிட்டது. அதற்கு முன் ரசிகர்கள் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். இப்போது கதை நிஜமாகவே புரிந்துவிடுகிறது. அதுதான் சிக்கல்.

கே: தொடையில் தாளம் போடலாமா?

ப: உங்கள் தொடையில் என்றால் போடலாம், சத்தமில்லாமல். அங்கே குச்சி ஆட்டுவதற்கென்றே ஒருத்தர் சம்பளம் வாங்குகிறார், அவர் பிழைப்பில் கை வைக்காதீர்கள். கைதட்டுவது எப்போது என்று குழப்பமா? முதலில் பக்கத்து சீட்டு தட்டட்டும்.

கே: தூங்கிவிட்டால்?

ப: சின்ன அரங்கு, கல்சுவர். உங்கள் குறட்டைக்கும் மைக் தேவைப்படாது.

கே: அந்த ஊருக்கென்று சொந்தக் கதை உண்டா?

ப: ‘தி பாலட் ஆஃப் பேபி டோ’. டக்ளஸ் மூர் இசை, 1956-ல் அங்கேயே அரங்கேற்றம். பேபி டோ நிஜப் பெண். முதல் புருஷனோடு அந்த ஊரில்தான் குடித்தனம் செய்தாள். பிறகு வெள்ளிச் சுரங்க அதிபர் ஹோரஸ் டேபரைக் கட்டிக்கொண்டாள். 1883-ல் நடந்த கல்யாணத்துக்கு ஜனாதிபதி செஸ்டர் ஆர்தரே வந்தார். 1893-ல் வெள்ளி விலை விழுந்தது, சொத்தும் விழுந்தது. 1935-ல் லெட்வில் சுரங்கக் குடிசையில் தனியாக உறைந்து கிடந்தாள். வாழும்போது வம்பு, செத்த பிறகு காவியம். ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

கே: இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது. சுருக்கமாக ஏதாவது?

ப: ஹென்றி மாலிகோன் எழுதிய ‘தி ஃபேஸ் ஆன் தி பார்ரூம் ஃப்ளோர்’, 1978. பக்கத்து டெல்லர் ஹவுஸ் மதுக்கூடத்தின் தரையில் ஹெர்ன்டன் டேவிஸ் 1936-ல் வரைந்த பெண் முகம்தான் கரு. மூன்று பாடகர்கள், பியானோ, புல்லாங்குழல், செல்லோ. அரை மணிக்குள் காதல், துப்பாக்கி, பிணம் எல்லாம் முடிந்துவிடும். மெகா சீரியல் எடுப்பவர்களைப் பஸ் வைத்து அழைத்துப் போக வேண்டும்.

கே: சின்னக் கம்பெனி என்றால் இரண்டாந்தரப் பாடகர்கள்தானே?

ப: 1963-ல் அங்கே கோரஸில் நின்ற ஒரு பையன் பெயர் சாமுவேல் ரேமி. பின்னாளில் உலகின் பெரிய மேடைகளையெல்லாம் அதிரவைத்த கனத்த குரல். கோரஸில் மூன்றாவதாக நிற்பவனை நன்றாகப் பார்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து அவனையே நாலு மடங்கு காசு கொடுத்து, முப்பதாவது வரிசையிலிருந்து பார்ப்பீர்கள்.

கே: அந்த ஊர் முழுக்கச் சூதாட்ட விடுதிகளாமே. அங்கே போய் ஆபராவா?

ப: 1991-ல் வந்தவை. ஆபராவும் அப்படியொன்றும் லாபத் தொழில் இல்லை. பெரும்பாலான அமெரிக்கக் கம்பெனிகளுக்கு டிக்கெட் வசூல் செலவில் பாதியைக்கூடத் தொடாது, மீதிக்கு நன்கொடைதான். ஆக, அந்த ஊரில் எந்தக் கதவைத் திறந்தாலும் போன பணம் போனதுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாடிவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.