புனேயிலிருந்து தெற்கே: சைக்கிள் ஆற்றுப்படை குறித்து ஓர் ஆய்வு

புனே நகரத்துப் பழைய பேட்டைகளில் வாசலுக்கு வாசல் தொங்கும் பலகைகளுக்குத் தனிப்புகழ் உண்டு. மராட்டியர் 'புணேரி பாட்யா' என்று பெருமையோடு சொல்லும் இவ்வறிவிப்புகளில், "இங்கே முகவரி விசாரிக்கக் கூடாது" என்பது ஒரு வகை. வழி கேட்டால் முகம் சுளிக்கும் இதே ஊரில்தான், யாரும் கேட்காமலே வழி சொல்லும் ஒரு கூட்டமும் வாழ்கிறது: நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள். விடியுமுன் எழுந்து காத்ரஜ் மலைப்பாதை ஏறி, ஏறிய செய்தியை ஊர் பல் துலக்குமுன் உலகுக்கு அறிவித்துவிடுகிறார்கள். அறிஞர் பெருமக்கள் இம்முரணைக் கண்டும் காணாமல் போவதால் யாம் இப்பணியை மேற்கொண்டோம்.

முதலில் இலக்கணம். பரிசில் பெற்றவன், எதிரே வரும் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகை. ஆக, அத்தொகுப்பில் சரிபாதி ரூட் போஸ்ட் என்பது கணக்கால் பெறப்படும். இவற்றுள் மலைபடுகடாம் 583 அடி. மன்னன் நன்னனின் செங்கண்மாவுக்குப் போகும் கூத்தருக்காகப் பெருங்கௌசிகனார் பாடியது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது எல்லாம் அதில் உண்டு. பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறார். சராசரி வேகம் பற்றி ஒரு வரி கிடையாது.

இன்றைய ஆற்றுப்படைக்கு ஜிபிஎக்ஸ் என்று பெயர். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியவற்றைப் புள்ளி புள்ளியாக அடுக்கிய கோப்பு அது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் தானே வேண்டுமென்று கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் தேதி நிறுத்தியது. துல்லியம் சாமானியர் கைக்கு வந்தது. 2009இல், ஓட்டிய தடத்தைப் பதிவேற்றும் ஸ்ட்ராவா வந்தது. அதுமுதல் சைக்கிள் ஓட்டுவது பதிவேற்றத்தின் துணைத்தொழில் ஆயிற்று என்பது எம் துணிபு.

சான்று காட்டுதும். கோத்ருடில் ஏதேனும் ஓர் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், இரவு எட்டு மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் தூண்களைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார். கைப்பிடியில் உள்ள கருவி 99.6 கி.மீ. காட்டுகிறது. வாட்ச்மேன் முதல் சுற்றில் எழுந்து கேட்டைத் திறப்பார், இரண்டாவதில் மூடுவார், மூன்றாவதில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். நூறு ஆனதும் அந்த மனிதர் காலை ஊன்றி, சைக்கிளைத் துடைக்குமுன் போனைத் துடைக்கிறார்.

'பதிவு இல்லையேல் சாதனைக்கு ஆதாரம் ஏது?' எனின், நல்ல தடை. புனேயின் வேதாங்கி குல்கர்ணி 2018இல் 159 நாளில் சுமார் 29,000 கி.மீ. மிதித்தார். உலகைச் சுற்றியதாகக் கின்னஸ் ஒப்ப வேண்டுமானால் குறைந்தது 28,970 கி.மீ. ஓட்டியிருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். அவர் பதிவு ஆவணம். கடக்வாஸ்லா அணை வரை போய்ப் போஹே தின்று திரும்பியவர் பதிவு எவ்வகை என்பது தனி ஆய்வுக்குரியது.

முன்னோர் இவ்விஷயத்தில் நிதானமானவர்கள். தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் பெருஞ்சக்கர வண்டி ஏறி, 1886இல் யோகோஹாமாவில் முடித்தார். நடுவே 'அவுட்டிங்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், அது கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பிய இளைஞர்களில் அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா மூவரும் 1928 மார்ச்சில் உலகைச் சுற்றி ஊர் திரும்பினார்கள். அப்பயணம் பற்றிய அவர்கள் புத்தகம் 1931இல் வந்தது. இன்று அரைமணி தாமதமானால் 'டவர் கிடைக்கலை' என்று மன்னிப்புக் கேட்கிறார்கள்.

இனி எம் ஆய்வின் மையம். புனேயிலிருந்து சாத்தாராவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் கம்பாட்கி மலைப்பாதை வரும். பல்லாண்டுகளாக அங்கே இருந்துவந்த ஏற்பாடு இதுதான்: தெற்கிலிருந்து புனேக்கு வருபவருக்குக் குகைவழி, புனேயிலிருந்து தெற்கே போகிறவருக்குக் கொண்டை ஊசி ஏற்றம். சாத்தாராக்காரர் ஒருவர் நல்ல மனதோடு "ஃப்ளாட்தான், ஒரு டன்னல் வரும்" என்று எழுதுவார். அவர் பதிந்த தடத்தைத் திருப்பிப்போட்டுப் பிடித்துக்கொண்டு புனேக்காரர் கிளம்புவார். இருவரும் பொய் சொல்லவில்லை. திருப்பிப்போட்ட தடம் வேறு சாலை என்பதை வரைபடம்தான் சொல்லாமல் விட்டது. சைக்கிள்காரர் வாக்கில் 'கொஞ்சம் ஏத்தம்' என்றால் இறங்கித் தள்ள வேண்டும், 'நல்ல ஏத்தம்' என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று உரை கொள்க.

உணவு விஷயத்தில் மட்டும் மரபு அறுபடவில்லை. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு என்று ஊர்வாரியாகச் சொல்லிப் போகும். புனே வழித்தடங்களும் அப்படியே: சாத்தாராவில் கந்தி பேடா, கோலாப்பூரில் தாம்ப்டா ரஸ்ஸா, பெலகாவியில் குந்தா, தார்வாடில் பேடா, தாவணகெரேயில் பெண்ணெ தோசை. எரித்த கலோரிக்கும் உண்ட கலோரிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் செயலியும் கேட்பதில்லை. அதுவும் நல்லதே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த வெப்ப வரைபடத்தில் ராணுவ வீரர்கள் ஓடிய தடங்கள் ஒளிர்ந்து, ஆளரவமற்ற பகுதிகளில் உள்ள படைத்தளங்களின் உருவத்தைக் காட்டிக்கொடுத்தன. நாம் படைத்தளம் இல்லைதான். ஆனால் தன் வீட்டு வாசலையே தொடக்கப் புள்ளியாகப் போட்டு, 'கன்னியாகுமரிக்குக் கிளம்பிட்டோம், குடும்பத்தோடு' என்று எழுதுகிறவர், திருடனுக்கும் சேர்த்தே ஆற்றுப்படை பாடுகிறார்.

ஆகவே எம் தீர்ப்பு: மலைபடுகடாமே இன்றளவும் உருப்படியான ரூட் போஸ்ட். பஞ்சர் கடை பற்றிய குறிப்பு இல்லாதது ஒன்றே அதன் குறை. அடுத்து புனேயிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்கள் தயவுசெய்து எந்தத் திசையில் போனீர்கள், கம்பாட்கி அடிவாரத்துக்கு அப்புறம் தண்ணீர் எங்கே கிடைத்தது, எந்த ஊர் நாய் துரத்தியது என்பதை முதலில் எழுதுங்கள். சராசரி வேகத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.